காசும் கைப்பழக்கமும்

கலைகளை உயர்ந்தவை, தாழ்ந்தவை என இரண்டாகப் பகுக்கும் வழக்கம் நெடுங்காலமாகவே உண்டு. பாட்டும் கூத்தும் சிற்பமும் ஓவியமும் உயர்ந்த வரிசையில் வைக்கப்பெற்றன. கைத்திறனையே முதலாகக் கொண்ட வித்தைகளோ தெருவோரத்திலேயே நின்றுவிட்டன. இதற்குத் தமிழில் ஒரு சொல்லே சான்றாக உள்ளது. செப்பு எனப்படும் சிறு கிண்ணங்களைக் கவிழ்த்து, அவற்றின் கீழே உருண்டைகளைத் தோன்றவும் மறையவும் செய்யும் ஆட்டம் செப்படி வித்தை. இன்று அச்சொல் மேடைப் பேச்சிலும் செய்தித்தாளிலும் ஏமாற்று என்னும் பொருளிலேயே பெரிதும் வழங்குகிறது. கணக்கில் செப்படி வித்தை என்பர். சொல்லில் செப்படி வித்தை என்பர். அவ்வித்தையைக் கைவரச் செய்ய ஒருவர் எத்தனை ஆண்டுகள் உழைத்தார் என்பதைச் சொல் மறந்துவிட்டது.

கைத்திறன் அறிவுக்குப் புறம்பானதா, கைப்பயிற்சி வேறு கலைப்பயிற்சி வேறா என்பன மொழி கற்பிப்போரும் கற்போரும் எதிர்கொள்ள வேண்டிய வினாக்கள். இவ்வினாக்களை ஆங்கில இலக்கியத்தில் நேராக எழுப்பிய கட்டுரை ஒன்று உண்டு. அதன் நாயகர் தென்னாட்டு வித்தைக்காரர் ஒருவர் என்பது தமிழர் அறிய வேண்டிய செய்தி.

ஹேஸ்லிட் வகுத்த எல்லை

ஆங்கிலக் கட்டுரையாளருள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் வில்லியம் ஹேஸ்லிட் (1778–1830). 1821-ஆம் ஆண்டு வெளிவந்த 'டேபிள் டாக்' தொகுப்பில் 'இந்திய வித்தைக்காரர்கள்' என்னும் அவருடைய கட்டுரை இடம்பெற்றது. வெண்ணிற உடையும் இறுகக் கட்டிய தலைப்பாகையுமாக ஒருவர் வந்து தரையில் அமர்கிறார். இரண்டு பித்தளைப் பந்துகளை மேலெறிந்து பிடிக்கத் தொடங்குகிறார். முடிவில் நான்கு பந்துகள் அவரைச் சுற்றிச் சுழல்கின்றன. இக்காட்சியை வியந்து வருணித்த பின் ஹேஸ்லிட் தம் பக்கம் திரும்புகிறார். இம்மனிதர் செய்வதைப் போலப் பிழையின்றிச் செய்யக் கூடியது தம்மிடம் எதுவுமில்லையே என்று நாணுகிறார். தம் கட்டுரைகளைக் குறைப்பிறவிகள் என்றே பழிக்கிறார்.

அவர் கண்ட வித்தைக்காரர் ராமோ சாமி என்று இலண்டனில் புகழ்பெற்றிருந்தவர் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ராமசாமி என்னும் பெயரே ஆங்கிலேயர் நாவில் இவ்வாறு திரிந்தது என்பர். பந்தாட்டத்தோடு செப்படி வித்தையும் வாள் விழுங்குதலும் அவர் கைவந்தவை. கடல் கடந்து பெரும்புகழ் ஈட்டிய அவர் 1850-இல் இலண்டனில் வறுமையில் இறந்தார். அவரை அடக்கம் செய்யவும் பிறரிடம் பொருளுதவி வேண்ட நேர்ந்தது.

வியப்பில் தொடங்கும் ஹேஸ்லிட் விரைவில் ஓர் எல்லைக்கோடு வகுக்கிறார். கைத்திறனுக்கு ஐயத்திற்கிடமற்ற அளவுகோல் உண்டு. பந்து கையில் விழுந்தால் வெற்றி. தரையில் விழுந்தால் தோல்வி. தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ள அங்கே வழியில்லை. ஆகவே ஓயாத பயிற்சி பிழையைத் தேய்த்துத் தேய்த்து முழுமையை எட்டுகிறது. ஓவியனும் எழுத்தாளனும் இயற்கையோடும் மனித மனத்தோடும் போட்டியிடுகின்றனர். அங்கே எல்லையில்லை, ஆதலால் முழுமையும் இல்லை. முழுமையுள்ள கைத்திறனைவிடக் குறையுள்ள கலையே பெரிது என்பது அவர் வாதத்தின் சாரம்.

பித்தளைப் பந்துகளைப் பொறுத்த மட்டில் இவ்வாதம் பொருந்துகிறது. சிங்கப்பூரில் அதற்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. லிட்டில் இந்தியாவின் உணவுக் கடையில் தே தாரிக் ஆற்றுபவர் ஒரு குவளையை உயர்த்தி மறு குவளையைத் தாழ்த்தி நீண்ட கோடாகத் தேநீரை ஊற்றுகிறார். பக்கத்தில் ஒருவர் பரோட்டா மாவை வீசி விரிக்கிறார். தேநீர் சிந்தியதா, மாவு கிழிந்ததா என்பதைச் சிறுவனும் சொல்லிவிடுவான். இவை கண்முன் நிகழும் திறன்கள்; திறன் வெளிப்படுவதே அங்கே காட்சி.

ஹேஸ்லிட் ஆராயாமல் விட்டது வேறொரு வகை. திறன் தன்னை மறைத்துக்கொண்டால்தான் நிகழும் கலை அது. நாணய வித்தை அதற்குத் தக்க சான்று.

மறைந்து நிற்கும் திறன்

நாணய வித்தையின் அடிப்படைகள் சிலவே. உள்ளங்கையில் பெருவிரலின் அடிமேட்டுக்கும் எதிர்ப்புற மேட்டுக்கும் இடையே காசைப் பற்றி, விரல்களை இயல்பாக விட்டுவைப்பது ஒன்று. மடங்கிய விரல்களின் அடியில் காசைத் தாங்குவது மற்றொன்று. வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாற்றுவது போலக் காட்டி வலக்கையிலேயே நிறுத்திக்கொள்வது மூன்றாவது. இவற்றின் முறையைச் சில நிமிடங்களில் அறிந்துகொள்ளலாம்; கைவரப் பெறுவதற்கோ ஆண்டுகள் வேண்டும்.

தொடக்க நிலையினரின் பிழைகள் எங்கும் ஒரே தன்மையன. காசை மறைத்துள்ள கை மரக்கட்டை போல விறைக்கிறது. பெருவிரல் தனித்து நீட்டிக்கொண்டு நிற்கிறது. மாற்றும் அசைவு தேவைக்கு மேல் விரைகிறது. காசு இல்லாத கையை நோக்க வேண்டிய கண், காசு உள்ள கையையே திரும்பத் திரும்பப் பார்க்கிறது. இவற்றுள் எதிலும் காசு கீழே விழவில்லை. ஹேஸ்லிட்டின் அளவுகோலின்படி வித்தை பிழையின்றி முடிந்துவிட்டது. ஆயினும் எதிரே இருப்பவர் புன்னகையோடு வலக்கையைச் சுட்டுகிறார். வித்தை தோற்றுவிட்டது.

அளவுகோல் கையில் இல்லை, காண்பவர் மனத்தில் இருக்கிறது என்பது இதனால் விளங்கும். கை செய்வது பாதி. காசு இடக்கையில்தான் உள்ளது என்று காண்பவர் மனம் நம்புவது மறுபாதி. இந்த மறுபாதிக்கு எல்லை ஏது? எழுத்தாளனுக்கு உரியதென ஹேஸ்லிட் ஒதுக்கிய எல்லையற்ற களத்தில்தான் நாணய வித்தைக்காரனும் நிற்கிறான்.

இவ்வித்தையைச் செம்மைப்படுத்தும் முறை கருதத்தக்கது. பொய்யான மாற்றத்தைப் பயிலுமுன் உண்மையான மாற்றத்தைப் பயில வேண்டும் என்பது தேர்ந்த ஆசிரியர்களின் நெறி. காசை மெய்யாகவே ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பலமுறை மாற்றித் தன் விரல்கள் எவ்வாறு மடங்குகின்றன, கண் எப்போது நகர்கிறது, எந்தத் தோள் சற்றே தாழ்கிறது என்பவற்றைக் கண்ணாடியில் கண்டறிய வேண்டும். பின்னர்ப் பொய்யை அம்மெய்யோடு ஒப்பிட்டு, வேறுபடும் ஒவ்வோர் அசைவையும் நீக்கிவர வேண்டும். இவ்வாறு நீக்கிச் செல்வதே இங்குச் செம்மை எனப்படுகிறது. சிராங்கூன் சாலையில் பூத்தொடுப்பவர் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே விரல்களைப் பாராமல் மாலை கட்டுகிறார். அத்தகைய இயல்பைப் பொய்யான அசைவுக்கும் வரவழைப்பதே அரிது.

கருவியும் கலையும்

கருவி கலையை வரையறுக்கும் என்பதற்கும் சிங்கப்பூர் நாணயங்கள் சான்று தருகின்றன. அமெரிக்க வித்தைக்காரர் பெரிதும் விரும்பும் அரை டாலர் நாணயத்தின் விட்டம் 30.6 மி.மீ. சிங்கப்பூர் 1967-இல் தன் முதல் நாணய வரிசையை வெளியிட்டபோது சிங்கம் பொறித்த ஒரு வெள்ளி நாணயம் ஏறத்தாழ 33 மி.மீ. அகலம் கொண்டிருந்தது. 1987-இல் புழக்கத்திற்கு வந்த ஒரு வெள்ளி 22.4 மி.மீ. அளவுக்குச் சுருங்கியது. 2013-இல் வெளிவந்த ஈருலோக வெள்ளி 24.65 மி.மீ. அளவினது.

அகன்ற காசு உள்ளங்கையின் இரு மேடுகளுக்கிடையே எளிதில் பொருந்தும்; தொலைவில் இருப்பவர் கண்ணுக்கும் தெரியும். சிறிய காசோ உள்ளங்கைப் பள்ளத்தில் நழுவும். விரல்களின் அடியிலேயே தங்க விரும்பும். எனவே அமெரிக்க நூலில் கண்ட அசைவை இன்றைய சிங்கப்பூர்க் காசில் அப்படியே செய்ய முற்படுபவர் இடர்ப்படுவார். நூல் சொல்லும் நெறியைத் தன் கைக்கும் தன் காசுக்கும் ஏற்ப மாற்றியமைக்கும் பொறுப்பு அவருடையது. மாற்றியமைப்பது அறிவின் வேலை. பழக்கம் மட்டுமே அதைச் செய்து தராது.

காட்சித் திறனிலிருந்து மறைதிறனுக்கு நகர்ந்த வளர்ச்சியை நாணய வித்தையின் வரலாற்றிலேயே காணலாம். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1867-இல் பிறந்தவர் நெல்சன் டவுன்ஸ். இரயில் நிலையத்தில் தந்தி ஊழியராக இருந்த அவர் ஓய்வு நேரமெல்லாம் காசுகளைக் கையாண்டு பழகினார். வெறுங்காற்றிலிருந்து காசுகளைப் பறித்துத் தொப்பியில் இடும் ஆட்டத்தால் நாணயங்களின் மன்னர் எனப் புகழ்பெற்று, 1899-இல் இலண்டன் அரங்கிலும் தோன்றினார். காசுகளைப் புறங்கைக்கும் அகங்கைக்குமாக மாற்றி மாற்றி மறைக்கும் அவருடைய திறன் வியக்கத்தக்கது. ஆனால் கை இவ்வாறு திரும்பத் திரும்பச் சுழலும்போது காண்பவர் காசை மறந்து விரல்களை வியக்கத் தொடங்குகின்றனர். பித்தளைப் பந்துகளின் வியப்பு இங்கும் எட்டிப் பார்க்கிறது.

அடுத்த தலைமுறையில் கனடா நாட்டில் பிறந்த டை வெர்னன் (1894–1992) இயல்பாயிருத்தலையே தம் கொள்கையாக வலியுறுத்தினார். வித்தை நிகழ்ந்த கணம் எதுவெனக் காண்பவர்க்குத் தெரியாதிருக்க வேண்டும்; கைத்திறன் நிகழ்ந்தது என்ற ஐயமே எழாதிருக்க வேண்டும். பாராட்டை விரல்கள் பெறாமல் நிகழ்ச்சி பெற வேண்டும் என்பது இக்கொள்கையின் உட்கிடை. எந்த எழுத்தாளனும் ஏற்கத்தக்க இலக்கியக் கொள்கையாகவும் இது அமைந்திருக்கிறது.

ஔவையார் காட்டும் வழி

ஹேஸ்லிட் கோடு கிழித்துப் பிரித்தவற்றைத் தமிழ் மரபு வேறு வகையில் நோக்கியுள்ளது. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடலொன்று மாணவர் யாவரும் அறிந்தது. அது சித்திரத்தைக் கையோடும், செந்தமிழை நாவோடும், கல்வியை மனத்தோடும், ஒழுக்கத்தை அன்றாட நடையோடும் இணைத்து, நான்கையும் பழக்கம் என்னும் ஒரே சொல்லின் கீழ் வைக்கிறது. கையின் பழக்கம் தாழ்ந்தது, மனத்தின் பழக்கம் உயர்ந்தது என்ற பாகுபாடு அங்கில்லை. பிறவிக்குரியதாக அப்பாடல் ஒதுக்குவது நட்பு, தகைமை, கொடை ஆகிய பண்புகளையே. ஓவியத்தையும் தமிழையும் பிறவி வரமென்று அது கூறவில்லை.

இப்பார்வை இன்றைய சிங்கப்பூர்த் தமிழ் வகுப்பறைக்கு மிக வேண்டியது. 2020-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றோர் குடியிருப்பாளருள் 2.5 விழுக்காட்டினரே. நாவின் பழக்கம் வீட்டில் குறையுமிடத்துப் பள்ளிப் பயிற்சியே பெரும் பொறுப்பை ஏற்கிறது. பயிற்சி என்பது சலிப்பூட்டும் இயந்திர வேலை, படைப்பாற்றல் அதற்கு மேற்பட்டது என்று மாணவர் எண்ணுவாராயின் இரண்டையும் இழப்பார்.

அதே வேளையில் எத்தகைய பயிற்சி என்னும் வினாவும் எழுகிறது. தேர்வுக்கு முன் வருணனைத் தொடர்களை மனப்பாடம் செய்து, கதிரவன் பொற்கதிர் பரப்பாமல் எந்தக் கட்டுரையையும் தொடங்காத மாணவர் உண்டு. அவர் செய்வது பித்தளைப் பந்தாட்டம். தொடர் பிழையின்றி வந்து விழுகிறது. ஆசிரியர் அதைக் காண்கிறார். மழை நாளில் நிகழ்ந்த கதையிலும் கதிரவன் ஒளி வீசுவதையும் காண்கிறார். நாணய வித்தையின் நெறி இங்குக் கைகொடுக்கும். முதலில் மெய்யாக நிகழ்ந்ததைச் சொல்லிப் பார்க்க வேண்டும். எழுதியதை வாய்விட்டுப் படித்து, மெய்யான பேச்சின் ஓட்டத்திலிருந்து விலகி விறைத்து நிற்கும் தொடர்களைக் கண்டறிய வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். எஞ்சுவது எளிதில் எழுதியது போலத் தோன்றும். அத்தோற்றமே உழைப்பின் பயன்.

வித்தை ஏமாற்றாயிற்றே, அதனை இலக்கியத்தோடு ஒப்பிடலாமா என்று வினவலாம். சூதாட்ட மேசையில் காசை மறைப்பவன் ஏமாற்றுக்காரன். ஏனெனில் அங்கே எதிராளி அதற்கு இசையவில்லை. மேடையில் மறைப்பவன் முன் அமர்ந்திருப்போர் நிகழப்போவது இன்னதென அறிந்தே வந்தவர்கள். நிகழாத கதையைப் படித்துக் கண்ணீர் விடும் வாசகரும் இத்தகையோரே.

ஹேஸ்லிட்டின் முரண்

ஹேஸ்லிட்டின் வாதத்தில் மறுக்கவியலாத கூறு ஒன்றுண்டு. கைத்திறன் அதற்குரியவரோடு மறைகிறது. டவுன்ஸ் 1900-இல் நாணய வித்தை பற்றி நூல் வெளியிட்டார், 1952-இல் ஜே. பி. போபோ இத்துறையின் அடிப்படை நூலைத் தொகுத்தளித்தார். அவற்றில் முறை உள்ளது; அவர்கள் கை இல்லை. ராமோ சாமியின் பந்துகளோ சுழற்சி நின்று ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

அப்பந்துகள் இன்றும் சுழல்வது ஹேஸ்லிட்டின் பக்கங்களில்தான். முழுமையானதென அவர் போற்றிய திறன், குறைப்பிறவியென அவர் பழித்த கட்டுரையின் துணையால் வாழ்கிறது. அக்கட்டுரையும் ஆராய்ந்து படிப்போருக்குத் தேர்ந்த கைத்திறனாகவே புலப்படும். வித்தைக்காரரில் தொடங்கி, கழைக்கூத்தரைக் கண்டு, ஓவியப் பயிற்சியை நினைவுகூர்ந்து, பந்தாட்ட வீரர் ஒருவரின் இரங்கலுரையில் முடியும் அதன் போக்கு ஒரு மனிதர் மனம்போனபடி பேசுவது போலத் தோன்றுகிறது. அவ்வியல்பு தானாக வந்ததன்று. எழுதி எழுதிக் கைவந்தது. கையையும் கருத்தையும் பிரித்துக் கோடிட்ட எழுத்தாளரின் நடையே அக்கோட்டை அழித்துவிடுகிறது.

சிங்கப்பூர் நாணயங்களில் 1985-ஆம் ஆண்டு வரிசை முதல் நாட்டின் பெயர் நான்கு மொழிகளிலும் பொறிக்கப்பட்டுவருகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. பொறித்திருப்பதால் மட்டும் காசு ஒருவர் கைக்கு உரியதாகிவிடாது. எடுத்து, உருட்டி, நழுவவிட்டு, மீண்டும் எடுத்துப் பழகினால்தான் அது கைக்கு இசையும். மொழிக்கும் இதுவே விதி. செப்படி வித்தை என்னும் சொல்லை இனி ஆளும்போது, ஏமாற்றை மட்டும் எண்ணாமல் அதன் பின்னுள்ள பழக்கத்தையும் எண்ணுவது தமிழ் பயில்வோர்க்குத் தகும்.