விளக்கும் உடைசலும்

இஸ்லாமியக் கலை பற்றி நம்மவர் எழுதினால் மம்லூக் காலப் பள்ளிவாசல் விளக்கு கட்டாயம் வந்துவிடும். எனாமல் வேலைப்பாடு, சுல்தானின் பெயர், சூரா அந்நூரின் ஒளி வசனம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் தெரிவது அரண்மனை. கண்ணாடி ஊதியவன் எங்கே?

துருக்கியின் சேர்ச்சே லிமானியில் 1977–79இல் கடலடியில் அகழ்ந்த கப்பலைப் பாருங்கள். 1025 அளவில் மூழ்கியது. அதிலிருந்தது சுமார் 3 தொன் கண்ணாடி. உருக்கி மறுபடி வார்க்கவென்று ஏற்றிய கட்டிகளும் உடைசலும். உடைந்த கிண்ணம், போத்தல், பட்டறைக் கழிவு எல்லாம் கலந்து கிடந்தது. பாத்திமியரின் சிரியக் கரையோரத்துச் சரக்கு, பைசாந்தியப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. பன்றி எலும்புகளும் கிடைத்ததால் மாலுமிகள் கிறிஸ்தவர்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அதே ஆட்களிடம் பாத்திமியக் கண்ணாடி எடைகளும் பைசாந்திய எடைக்கற்களும் இருந்தன. இரண்டு சந்தையிலும் நிறுக்கத் தெரிந்தவர்கள்தானே!

இதையும் ‘இஸ்லாமியக் கண்ணாடி’ என்று ஒரே சொல்லில் மடக்கினால், சுமந்தவனும் உருக்கக் காத்திருந்தவனும் கதைக்கு வெளியே போய்விடுகிறார்கள். அட்டைப்படத்துக்கு விளக்கையே போடுங்கள். உள்ளே இந்த உடைசலுக்கும் நாலு பக்கம் ஒதுக்க வேண்டும்.