ஒற்றைக்கண் யதார்த்தம்

இங்கிலாந்தின் வடபுலத் தொழில் நகரங்களைக் களமாகக் கொண்டு 1959 முதல் நான்கைந்து ஆண்டுகள் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அவற்றுள் மிக நேர்மையானது இதுவே என்று ரசிகர்கள் பலர் சுட்டிக்காட்டுவது ஜான் ஷ்லெசிங்கரின் ‘எ கைண்ட் ஆஃப் லவிங்’ படத்தைத்தான். 1962-ஆம் ஆண்டு பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருது பெற்ற அப்படத்தில் காதலனும் தீயவனல்லன், காதலியும் தீயவளல்லள், வாழ்க்கை உள்ளபடியே காட்டப்பட்டிருக்கிறது, எப்பக்கமும் சாயாத தராசு அது என்பது அவர்களுடைய வாதம். இவ்வாதத்தை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறேன். நெடுங்காலமாகவே மறுத்தும் வருகிறேன். அந்தத் தராசு தொடக்கத்திலிருந்தே சாய்ந்துதான் இருக்கிறது என்பதும், அந்தச் சாய்வே யதார்த்தம் என்ற பெயரால் கொண்டாடப்படுகிறது என்பதும் என் துணிபு.

படத்தின் சிறப்புகளை மறுப்பதற்கில்லை. பி.பி.சி.க்கு ஆவணப்படங்கள் எடுத்துப் பழகிய இயக்குநரின் முதல் கதைப்படமாகிய இதில் லங்காஷயரின் தெருக்களும் நடன மண்டபமும் பிரத்தியட்சமாகின்றன. ஆலன் பேட்ஸும் ஜூன் ரிச்சியும் நடிக்கிறார்கள் என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை. கருத்தடைச் சாதனம் வாங்க மருந்துக்கடைக்குள் நுழையும் நாயகன் விக், விற்பனையாளராக ஒரு பெண் நிற்பதைக் கண்டு நா எழாமல் ஒரு பானப் புட்டியை வாங்கிக்கொண்டு திரும்பும் காட்சியின் நுட்பம் உயர்ந்தது. வடபுல உச்சரிப்பைப் பெரும்பாலும் வேடிக்கைக்கே பயன்படுத்தி வந்த ஆங்கிலத் திரையில் இது சிறு காரியமன்று.

ஆனால் அந்த மருந்துக்கடைக் காட்சியிலேயே படத்தின் குறையும் தொடங்கிவிடுகிறது. அவனுடைய கூச்சத்தை இத்துணைப் பரிவுடன் காட்டிய கலைஞர், அந்தக் கூச்சத்தின் பலனைத் தன் உடலில் சுமக்கப்போகிறவளின் அச்சத்துக்கு அதே பரிவைத் தரவில்லை. தொழிற்சாலையின் வரைபட அலுவலகத்தில் வேலை பார்க்கும் விக்குக்கு அங்கே தட்டெழுத்துப் பணி புரியும் இங்க்ரிட் மீது ஆசை எப்போது மூண்டது, எப்போது சலித்தது, குற்றவுணர்வு எவ்வாறு உறுத்தியது என்பதெல்லாம் நமக்கு நன்றாகத் தெரியும். அவள் கருவுற்றதும் மணக்க நேர்ந்து, அவளுடைய தாயின் வீட்டிலேயே குடிபுகுந்த பின் அவன் மூச்சுத் திணறுவதும் தெரியும். இங்க்ரிடைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் விக்குக்குத் தெரிந்த அளவே.

இதன் மூலகாரணம் வெளிப்படையானது. ஸ்டான் பார்ஸ்டோ 1960-இல் வெளியிட்ட மூல நாவல் முழுவதும் விக்கே தன்மையில் சொல்லும் கதை; ஆகவே அது ஓர் இளைஞனின் வாக்குமூலம் என்பதை வாசகர் ஒவ்வொரு வரியிலும் அறிவார், வேண்டிய இடத்தில் ஐயுறவும் செய்வார். கதை திரைக்கு வந்தபோது சொல்பவனின் குரல் மறைந்தது; அவனுடைய பார்வை மட்டும் மறையவில்லை. ஒருவனுடைய கட்சியாக இருந்தது கேமராவின் கட்சியாயிற்று. கேமரா காட்டுவதை உலகத்தின் உண்மை என்றே நம்பப் பழகியவர்கள் நாம். நாவலில் நேர்மையாக இருந்த ஒருதலைப் பார்வை திரையில் நடுநிலை வேடம் புனைந்துகொண்டது.

வேடத்தின் விளைவை ஒரு காட்சித்தொடர் தெளிவாகக் காட்டும். பித்தளை வாத்தியக் கோஷ்டியில் விக்கின் தந்தை டிராம்போன் வாசிக்கும் கச்சேரிக்குப் போக வேண்டிய மாலையில், மகனும் மருமகளும் அவளுடைய தாயின் வீட்டில் தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியின் முன் அமர்ந்திருக்கிறார்கள். தொழிலாளர் மரபின் மேன்மை முழுவதும் தந்தையின் பக்கம். புதிய நுகர்வு வாழ்வின் அற்பத்தனம் முழுவதும் பெண்களின் பக்கம். வீட்டுக்குள்ளேயே உழைத்து முடியும் ஒருத்திக்கு அந்தப் பெட்டி என்ன ஆறுதல் தந்திருக்கும் என்று கேட்கக்கூடப் படத்துக்குத் தோன்றவில்லை.

கரு கலையும் இடமோ இதனினும் கொடியது. ஒரு பெண்ணின் பேரிழப்பு அங்கே, மணத்துக்குக் காரணமே அற்றுப்போயிற்றே என்ற ஆணின் ஏக்கத்துக்குத் தோற்றுவாயாக மாறிவிடுகிறது. அதன் பின் அவள் கொள்ளும் தயக்கம் அவனுடைய மனக்குறைப் பட்டியலில் மேலும் ஓர் இனமாகிறது. அவனைக் கட்டிப்போட்டவை எவை? கருக்கலைப்பைக் குற்றமாக்கிய 1861-ஆம் ஆண்டுச் சட்டம் 1967 வரை தளரவில்லை. 1961-இல் வந்த கருத்தடை மாத்திரையும் முதலில் மணமான பெண்களுக்கே உரியதாயிருந்தது. இளந்தம்பதிகள் வீடு கிடைக்காமல் பெற்றோரோடு ஒடுங்கி வாழ்ந்தார்கள். சமூக யதார்த்தம் என்று பெயர் பூண்ட கலை முதலில் நோக்க வேண்டியவை இவை அல்லவா? படமோ இத்தனை நிர்ப்பந்தங்களையும் ஒருங்கே திரட்டித் தோரா ஹேர்ட் நடித்த மாமியாரின் தலையில் சுமத்திவிட்டு, அவளைப் பார்வையாளரின் வெறுப்புக்கு ஒப்படைத்துவிடுகிறது. சமூகத்தின் குற்றத்துக்கு ஒரு விதவையைப் பொறுப்பாக்குவது யதார்த்தமன்று, அநியாயம்.

அக்காலம் அவ்வளவுதான் அனுமதித்தது என்று சமாதானம் கூறுவோர் உண்டு. அவர்களுக்கு விடை அதே காலத்து இன்னொரு படம். சால்ஃபோர்டைச் சேர்ந்த ஷீலா டிலேனி என்ற பத்தொன்பது வயதுப் பெண் எழுதி 1958-இல் மேடையேறிய நாடகத்தை டோனி ரிச்சர்ட்சன் 1961-இல் ‘எ டேஸ்ட் ஆஃப் ஹனி’ என்று படமாக்கினார். அதிலும் மணமாகாமல் கருவுற்ற பெண் உண்டு, பொறுப்பற்ற தாய் உண்டு, புகை படிந்த நகரம் உண்டு; ஆனால் அச்சமும் கோபமும் வேடிக்கையும் அந்தப் பெண்ணுக்கே உரியவையாக நம்முன் நிற்கின்றன. பெர்லின் விருதுக்கு முந்திய ஆண்டிலேயே இயன்றது பிந்திய ஆண்டில் இயலாமற் போனதற்குக் காலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

இறுதியில் இருவரும் தனியே வாடகைக்கு ஒரு சிற்றில்லம் தேடிக்கொள்ளும் முடிவை, விக் முதிர்ச்சி பெற்றதற்கு அடையாளமாகப் போற்றுகிறார்கள். தாயையும் பிறந்த வீட்டையும் விட்டுவிட்டு, தன்மீது காதலுண்டா என்று இன்னும் நிச்சயமில்லாதவனை நம்பிப் புறப்படுபவள் இங்க்ரிட்; அவளுடைய துணிவை ஒருவரும் முதிர்ச்சி என்று கூறியதாக நான் அறியேன். அவளுடைய மனத்துக்குள் ஒரு கணமேனும் நிலைத்து நிற்கத் துணியாத இப்படத்தைத் திறமையான படம் என்று ஆயிரம் முறை சொல்லலாம். நேர்மையான படம் என்று சொல்ல நான் ஒருபோதும் உடன்படேன்.