சாலைக்கும் தடத்துக்கும் ஒரே சஸ்பென்ஷன்

ஸ்போர்ட்ஸ் காரின் சஸ்பென்ஷனை மதிப்பிடுவோர் பலர் அது எவ்வளவு இறுக்கமாக இருக்கிறது என்பதையே முதலில் பார்க்கின்றனர். ஆனால் டயரைத் தரையிலிருந்து விலகவிடாமல் பிடித்து வைப்பதே அந்த அமைப்பின் தலையாய கடமை என்பதால், இறுக்கம் அதன் கூறுகளுள் ஒன்றேயன்றி அதன் தரத்துக்கு அளவுகோல் ஆகாது. வார நாட்களில் மதுரையின் மாட்டுத்தாவணி நெரிசலில் ஊர்ந்து செல்லும் கார், விடுமுறை நாளில் பந்தயத்தடத்திலும் ஓட வேண்டும் என்னும்போது, இந்த வேறுபாட்டை உணர்ந்து பாகங்களைத் தேர்ந்தெடுப்பது தேர்ந்த ரசனையைக் கோரும் ஒரு கலையாகிறது.

தமிழ்நாட்டில் கார்ப்பந்தயம் சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் வளர்ந்து, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் திறக்கப்பட்ட, ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள நிரந்தரத் தடத்துக்குக் குடிபெயர்ந்தது. பந்தயக் கார்களை உள்நாட்டிலேயே வடிவமைத்த கரிவர்தனின் பெயரைத் தாங்கிய கரி மோட்டார் ஸ்பீட்வே, கோவையை அடுத்த செட்டிப்பாளையத்தில் 2.1 கிலோமீட்டர் நீளத்தில் அமைந்துள்ளது. மதுரையிலிருந்து கோவைக்குப் போய்வர 400 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். அங்கே நாள் முழுதும் 40 சுற்று ஓடினாலும் அது 84 கிலோமீட்டர்தான். தடத்துக்கென்றே செய்யப்படும் பயணத்தில்கூடப் பெரும்பகுதியைப் பொதுச்சாலையே எடுத்துக்கொள்வதால், தடத்தை மட்டும் கருதிச் செய்யும் தேர்வு தொடக்கத்திலேயே பிழைபட்டதாகிறது.

மதுரையின் சாலைகள் சஸ்பென்ஷனுக்கு மூன்று வகைத் தேர்வுகளை வைக்கின்றன. முதலாவது வேகத்தடை: இந்தியச் சாலைப் பேரவையின் நெறிப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்றாலும், தெருக்களில் காணப்படுபவை பெரும்பாலும் அதைவிடக் குறுகலானவை, செங்குத்தானவை. இரண்டாவது, திருமங்கலத்தைக் கடந்து தெற்கே விரியும் கரிசல் நிலத்தின் சாலைகள். மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் அம்மண், மேலே போட்ட தாரை நாளடைவில் நீண்ட அலைகளாக மடித்துவிடுகிறது. மூன்றாவது, 2023இல் திறக்கப்பட்டு நத்தம் சாலையில் 7 கிலோமீட்டருக்கு மேல் நீளும் மேம்பாலத்தைப் போன்றவற்றில், கான்கிரீட் பகுதிகள் சேரும் இணைப்புகள் தரும் குறுகிய, கூர்மையான உதை. வேகத்தடை சக்கரம் மேலும் கீழும் நகரக் கிடைக்கும் இடத்தையும், கரிசல் அலை வில்லின் ஊசலை அடக்கும் திறனையும், பாலத்து இணைப்பு திடீர் அடியை விழுங்கும் திறனையும் சோதிக்கின்றன.

வில்லின் விறைப்பு, அதாவது அதை ஒரு மில்லிமீட்டர் அமுக்கத் தேவைப்படும் விசை, அதன் கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது. 12 மில்லிமீட்டர்க் கம்பியை 13 ஆக்கினால், மற்ற அளவுகள் மாறாதபோதும் விறைப்பு ஏறத்தாழ 38 விழுக்காடு கூடிவிடும். சாதாரண கார் தன் வில்லின்மீது நொடிக்கு 1 முதல் 1.5 முறை வரை ஊசலாடுமாறு அமைக்கப்படுகிறது. 1.3 முறை ஊசலாடும் காரை 1.6 முறைக்கு உயர்த்த, விறைப்பைச் சுமார் ஒன்றரை மடங்காக்கினால் போதும். தடத்துக்கே உரிய 2 முறைக்கு உயர்த்தவோ அது 2.3 மடங்கைத் தாண்ட வேண்டும். இவ்விரண்டில் முன்னதே இருபயன் காருக்கு ஏற்றது. காரைத் தாழ்த்துவதற்காகப் பட்டறையில் சுருளை வெட்டிவிடும் வழக்கமும் விறைப்பைக் கூட்டத்தான் செய்கிறது. ஆனால் வெட்டிய முனை, வில் அமரும் இருக்கையில் சரியாகப் பொருந்தாது, கேஸில் வெட்டினால் எஃகின் பதமும் கெடும். தாழ்ந்த காருக்குச் சக்கரம் மேலெழும் இடமும் குறைவதால், அது வேகத்தடையில் அடி தட்டுவதோடு, வளைவின் நடுவே ரப்பர்த் தடுப்பில் மோதித் திடீரெனப் பிடியை இழக்கவும் கூடும்.

ரசிகரின் கண் நீண்ட நேரம் தங்க வேண்டிய இடம் ஷாக் அப்சார்பரே. எண்ணெய் நிறைந்த குழாய்க்குள் நகரும் பிஸ்டனின் துளைகளை மூடியபடி மெல்லிய எஃகு வட்டத் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். அழுத்தம் ஏற ஏற அவை இம்மியளவு வளைந்து எண்ணெய்க்கு வழிவிடுகின்றன. தகடுகளின் எண்ணிக்கையையும் தடிமனையும் மாற்றி, பிரேக் போடும்போதும் திருப்பும்போதும் கார் மெல்லச் சாயும் அசைவுக்குக் கூடுதல் எதிர்ப்பையும், பாலத்து இணைப்பும் தடத்தின் ஓரக்கட்டையும் தரும் வேகமான அடிக்குக் குறைந்த எதிர்ப்பையும் அமைப்பதில்தான் வடிவமைப்பாளரின் கைவண்ணம் வெளிப்படுகிறது. ஒன்றரை மடங்கு விறைத்த வில்லை அதே அளவில் அடக்க, ஷாக்கின் எதிர்ப்பும் சுமார் 22 விழுக்காடு உயர வேண்டும். பழைய ஷாக்கை வைத்துக்கொண்டு வில்லை மட்டும் மாற்றிய கார் கரிசல் அலையில் துள்ளுவதற்குக் காரணம் இதுவே. எண்ணெய் சூடேறினால் இளகும் என்பதால், 40 டிகிரியைத் தொடும் மதுரைக் கோடையில், எண்ணெய் இருக்கும் குழாயே வெளிச்சுவராகவும் அமைந்து வெப்பத்தை நேரே காற்றுக்குத் தரும் ஒற்றைக்குழாய் வகை, இரட்டைக்குழாய் வகையைவிட நெடுநேரம் நிலைகுலையாமல் உழைக்கும்.

உயரத்தை மரை திருகி மாற்றத்தக்க காயில்ஓவர், வில்லையும் ஷாக்கையும் ஒரே தொகுதியாகத் தருகிறது. ஆனால் அதன் மரைகளில் ஐப்பசி மழையின் சேறும் துருவும் ஏறும் என்பதால், ஆண்டுதோறும் கழுவி மசகிடும் பொறுமை இல்லாதவருக்கு அது பொருந்தாது. இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ்கள் வெயிலில் வெடித்துத் தளர்ந்திருந்தால் விலையுயர்ந்த ஷாக்கும் பயன் தராது. இடவல சக்கரங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைத் தடிக்கச் செய்வது செலவு குறைந்த வழிதான். எனினும் அளவு மிஞ்சினால் ஒரு சக்கரம் ஏறும் பள்ளமேடு மறு சக்கரத்தையும் உலுக்கும். சக்கரத்தின் மேல்விளிம்பை உட்புறம் சாய்க்கும் நெகட்டிவ் கேம்பர் வளைவில் பிடியைக் கூட்டும் என்றாலும், நான்குவழிச் சாலையில் நேரே ஓடும்போது டயரின் உள்விளிம்பைத் தின்னும் என்பதால், அதை மிதமாகவே வைக்க வேண்டும்.

ஆகவே மதுரையிலிருந்து புறப்பட்டு, தடத்தில் ஓடி, அதே காரில் வீடு திரும்ப விரும்புவோர் நல்ல டயர், புதிய புஷ், சரியான வீல் அலைன்மென்ட் ஆகியவற்றை முதலிலும், தரமான ஷாக்கை அடுத்தும், சற்றே விறைத்த வில்லை அதற்குப் பின்னும், ஸ்டெபிலைசர் பாரைக் கடைசியிலும் கொள்ள வேண்டும். பதிவுச் சான்றிதழுக்கு மாறான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துவதால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டறிவதும் நன்று. வேகத்தடையில் ஒருமுறை இறங்கி, ஒருமுறை எழுந்து, உடனே அடங்கும் காரே தடத்தின் ஓரக்கட்டையிலும் தடுமாறாது. கடைக்காரர் எதைச் சொல்லி விற்றாலும், வாங்குவோர் இந்த ஒரு சோதனையை நம்பலாம்.