மனத்தின் அந்தரங்கமும் ஒரு பரீட்சையும்

தனி மனிதரிடத்தில் அற்பமாகத் தோன்றும் விளைவும், லட்சக்கணக்கானோரைத் தொடும்போது சமுதாய அளவில் பெரும் அநியாயமாக உருவெடுக்கக் கூடும் என்று, மறைமுக மனச்சார்பை அளப்பதாகச் சொல்லப்படும் ஐ.ஏ.டி. பரீட்சையின் மீது எழுந்த ஆட்சேபங்களுக்குச் சமாதானமாக, மனோதத்துவ நிபுணர்களான கிரீன்வால்டு, பானாஜி, நோசெக் ஆகிய மூவரும் 2015-இல் வாதித்தார்கள். கணக்கு என்ற முறையில் அந்த வாதத்தில் பிழை இல்லை. ஆனால் அது காப்பது ஜனசமூகத்தைப் பற்றிய ஓர் அனுமானத்தையே; பரீட்சை எழுதியவருக்கு வழங்கப்படும் தீர்ப்பை அன்று.

வாயால் கேட்டறியும் அபிப்பிராயம் போதாது என்பதை மறுப்பாரில்லை. ஒரு சீனத் தம்பதியரோடு அமெரிக்காவைச் சுற்றிய சமூகவியலாளர் லாபியர், 251 விடுதிகளிலும் உணவகங்களிலும் ஒன்றில் மட்டுமே மறுக்கப்பட்டதையும், பின்னர்க் கடிதம் எழுதிக் கேட்டபோது பதிலளித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் சீனரை ஏற்க மாட்டோம் என்றதையும் 1934-லேயே எழுதினார். கறுப்பர், வெள்ளையர் முகங்களையும் நல்ல, தீய சொற்களையும் இரண்டு விசைகளால் பிரிக்கச் செய்து, விரலின் தாமதத்தை அளந்து விருப்பு வெறுப்பை ஊகிக்கும் இந்த ஐ.ஏ.டி. உபாயம் 1998 முதல் வழக்கிலிருப்பதும், அதன் சாமர்த்தியமும் போற்றத் தக்கனவே.

என் ஆட்சேபம் வேறு. வெளிப்படையாகச் சொல்லும் அபிப்பிராயத்துக்கும் இந்த மதிப்பெண்ணுக்கும் உள்ள ஒட்டுறவு, பல ஆய்வுகளைத் தொகுத்த 2005-ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 0.24. இந்தப் பொருத்தமின்மையையே, பரீட்சையின் ஆதரவாளர்கள் பிரக்ஞைக்கு எட்டாத இன்னொரு மனம் உண்டு என்பதற்குச் சாட்சியாகக் கொள்கிறார்கள். ஒருவரே மறுமுறை எழுதினால் அவருடைய இரண்டு மதிப்பெண்களுக்கும் இடையே உள்ள ஒட்டுறவு 0.5 அளவிலேயே நிற்கும்போது, தன்னோடு தானே முழுதும் ஒத்துப்போகாத கருவி பிறிதொன்றோடு ஒத்துப்போகாததில் ரகசியம் என்ன இருக்கிறது? போதாக்குறைக்கு, ஹான் முதலியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், பரீட்சைக்கு முன்னரே தம் முடிவு எப்படி இருக்கும் என்று கேட்கப்பட்டவர்கள் கணிசமான அளவு சரியாகவே சொல்லிவிட்டார்கள். உடையவரே முன்னறிந்து சொல்லக் கூடியதை அந்தரங்கம் என்பது எவ்வாறு?

ஒரு ஜில்லாவின் சராசரி மழையை அறிந்தவர் குறிப்பிட்ட வீட்டின் கூரை ஒழுகுமா என்று சொல்லத் துணியமாட்டார். தனி மனிதரைப் பாகுபாடு காட்டக் கூடியவர் என்று வகைப்படுத்த இந்தப் பரீட்சை உகந்ததன்று என்று அந்த மூவரே ஒப்புக்கொண்டிருக்க, இணையத்தில் சில நிமிஷம் விசை தட்டியவருக்கு ‘வெள்ளையர்பால் சார்பு’ என்ற சீட்டு இன்னமும் கிடைக்கிறது. எச்சரிக்கைக் குறிப்பு கூடவே வருகிறதாம்; தீர்ப்பைப் படித்தவர் குறிப்பையா நினைவில் வைப்பார்?

இந்தச் சீட்டு வளர்த்த மோகத்தின் பலன் என்ன? பிலடெல்பியாக் கடையொன்றில் காத்திருந்த இரண்டு கறுப்பர்களைப் போலீஸ் கைது செய்த பின், 2018 மே 29 அன்று ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அமெரிக்காவில் ஏறக்குறைய 8,000 கடைகளைப் பிற்பகலில் மூடி, ஊழியர்களுக்கு மனச்சார்பைப் பற்றிப் பயிற்சி அளித்தது. அநியாயம் நிகழ்ந்ததோ ஒரு தொலைபேசி அழைப்பினால். அதை ஆராய எந்த மில்லி செகண்டும் தேவையில்லை. 492 ஆய்வுகளைத் தொகுத்து ஃபோர்ஷரும் சகாக்களும் 2019-இல் கண்டது, மதிப்பெண்ணை மாற்றினாலும் அதன் வழியாக நடத்தை மாறியதற்கு ஆதாரமில்லை என்பதே.

ஆகவே இந்தப் பரீட்சை ஆராய்ச்சிச் சாலையில் கூட்டத்தின் கணக்குக்கு இருக்கட்டும். தனி மனிதர் கையில் சீட்டுக் கொடுப்பதை அதன் கர்த்தாக்கள் நிறுத்த வேண்டும்.