விபத்தில்லா நாட்களின் கணக்கு

பெரிய தொழிற்சாலை எதற்குப் போனாலும், பிரதான வாசலில் காவலரிடம் பெயரைப் பதிவு செய்துகொண்டு உள்ளே செல்ல அனுமதி வரும்வரை காத்து நிற்கும் சில நிமிஷங்களில், எதிரே பெரிய பலகை ஒன்று கண்ணில் படாமற் போகாது. வேலை நேர இழப்பு விபத்து இன்றிக் கழிந்த நாட்கள் இத்தனை என்று அதில் ஓர் எண் எழுதியிருக்கும். அதன் கீழே இதற்குமுன் எட்டிய அதிகபட்ச எண்ணும், கடைசியாக விபத்து நேர்ந்த தேதியும் குறித்திருக்கும். தினந்தோறும் அந்த எண்ணுடன் ஒன்றைக் கூட்டி எழுதுகிறார்கள். ஒருவர் காயம்பட்டு வேலைக்கு வரமுடியாமற் போனால் அதை அழித்துச் சைபரிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள். எண் ஐந்நூறையோ ஆயிரத்தையோ தாண்டும்போது இனிப்பு வழங்குவதும், ஷிப்ட் முழுவதற்கும் பரிசளிப்பதும், நிர்வாகிகளின் ஆண்டு வெகுமதியை அந்த எண்ணோடு பிணைத்து வைப்பதும் பல ஸ்தாபனங்களில் வேரூன்றிய வழக்கமாகிவிட்டன. தொழிலாளியின் க்ஷேமத்திற்காகப் பெரிய கம்பெனிகள் செய்கிற காரியங்களுள் இதைப்போலப் பரவியது வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. ஆகையால், இதன் குணதோஷங்களைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியம் என்று கருதுகிறேன்.

குணத்தை முதலில் சொல்வதே நியாயம். ஆலைகள் தோன்றிய காலத்தில், தொழிலாளி யந்திரத்தில் கையை இழந்தால் அது அவன் தலைவிதி என்றோ, அவனுடைய அஜாக்கிரதையின் பலன் என்றோ கொள்ளப்பட்டதேயன்றி, முதலாளி கணக்கு வைத்துப் பதில் சொல்லவேண்டிய விஷயமாக எண்ணப்படவில்லை. அக்காலத்திலும் விலக்கானவர்கள் சிலர் இருந்தார்கள். அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில், பிராண்டிவைன் ஓடைக்கரையில், 1802 இல் வெடிமருந்து ஆலை தொடங்கிய டூபான்ட் குடும்பத்தார், ஆலைக்கு அருகிலேயே குடியிருந்து அதன் ஆபத்தில் தாமும் பங்குகொண்டவர்களாதலால், 1811 இலேயே பாதுகாப்பு விதிகளை எழுதி வைத்தனர். அப்படியிருந்தும் 1818 இல் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளிகள் மாண்டார்கள். விபத்து என்பது வந்து போகும் இடி மின்னல் அன்று, எண்ணி, எழுதி, காரணம் தேடவேண்டிய ஒரு காரியம் என்ற எண்ணம் இத்தகைய அனுபவங்களிலிருந்து மெல்ல மெல்லத்தான் உருவாயிற்று. நம் நாட்டில் 1948 ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மரணமோ, தொழிலாளியை 48 மணி நேரத்திற்குக் குறையாமல் வேலையினின்று முடக்கும் காயமோ நேர்ந்தால் அரசாங்கத்திற்கு அறிவிக்கவேண்டும் என்று விதித்தது. 1966 மார்ச் 4 இல் தேசியப் பாதுகாப்புக் கவுன்சில் அமைந்தது. 1972 முதல் அந்நாள் தேசியப் பாதுகாப்பு தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது. கணக்கு வைக்கும் பழக்கம் இப்படித்தான் சட்டத்திலும் சடங்கிலும் இடம் பெற்றது. வாசற்பலகை அந்தக் கணக்கை அலுவலகப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, துப்புரவு செய்பவர் முதல் மானேஜிங் டைரக்டர் வரை எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கிறது. இது சிறிய காரியம் அல்ல.

ஆனால் இந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு சித்தாந்தமும் நிற்கிறது. அமெரிக்காவில் டிராவலர்ஸ் என்னும் காப்பீட்டுக் கம்பெனியில் பணியாற்றிய ஹெர்பர்ட் ஹைன்ரிக், 1931 இல் வெளியிட்ட தம் நூலில், பெருங்காயம் ஒன்று நேர்கிற இடத்தில் சிறுகாயங்கள் 29 உம், காயமின்றித் தப்பிய சம்பவங்கள் 300 உம் இருக்கும் என்று ஒரு விகிதம் வகுத்தார்; விபத்துக்களில் நூற்றுக்கு 88 தொழிலாளியின் பாதுகாப்பற்ற செய்கையால் விளைவன என்றும் கூறினார். முதற்கூற்றிலிருந்து, சிறுகாயங்களைக் குறைத்தால் பெருவிபத்து தானே குறைந்துவிடும் என்ற நம்பிக்கை பிறந்தது. இரண்டாவதிலிருந்து, தொழிலாளியைத் திருத்தினால் போதும், யந்திரத்தையும் வேலை முறையையும் திருத்தவேண்டியதில்லை என்ற சௌகரியமான முடிவு பிறந்தது. அந்த எண்கள் மேற்பார்வையாளர்கள் எழுதிக்கொடுத்த அறிக்கைகளையும் காப்பீட்டுக் கோரிக்கைகளையும் ஆதாரமாகக் கொண்டவை. கை நசுங்கியவனிடம் கேட்டிருந்தால் அந்த 88 அப்படியே நின்றிருக்கும் என்று நான் நம்பவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் நான் கண்ட காட்சி இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை. பிரஸ் ஷாப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், வலது கையில் மணிக்கட்டு வரை கட்டுப் போட்டுக்கொண்டு, செய்வதற்கு வேலை ஒன்றும் இல்லாமல், ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ‘வீட்டில் ஓய்வெடுக்கக் கூடாதா, தம்பி?’ என்று கேட்டேன். ‘வீட்டுக்குப் போனா போர்டு சைபராயிடும் சார். எல்லாருக்கும் வரவேண்டிய ப்ரைஸ் என்னால போயிடும்’ என்றார். காலையில் அவரை ஜீப்பில் அழைத்து வந்து, ஆஜர் பதிவு செய்து, ஷிப்ட் முடியும்வரை உட்கார வைத்து, மாலையில் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். சட்டப்படி அவர் வேலைக்கு வந்திருக்கிறார். ஆகவே வேலை நேர இழப்பு இல்லை. ஆகவே விபத்தும் இல்லை.

இப்படி விபத்தை மறைப்பதால் தொழிலாளி இழப்பது என்ன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தொழிலாளர் அரசுக் காப்புறுதித் திட்டமாகிய இ.எஸ்.ஐ.யில், வேலையில் ஏற்பட்ட காயத்தால் முடங்கியவருக்குச் சம்பளத்தில் நூற்றுக்கு 90 பங்கு உதவியாகக் கிடைக்கும். சாதாரண நோய் என்று லீவு போட்டவருக்கு நூற்றுக்கு 70 பங்குதான். விபத்து என்று பதிவாகாமல் ‘உடம்புக்கு முடியவில்லை’ என்று எழுதி அனுப்பப்படுகிறவர் அந்த வித்தியாசத்தைத் தம் குடும்பச் செலவிலிருந்து ஈடுகட்டுகிறார். அது மட்டுமா? சில ஆண்டுகள் கழித்து விரல் மடங்காமற் போனால், நிரந்தர ஊனத்திற்கான உதவியைக் கேட்டு மருத்துவக் குழுவின் முன் நிற்கும்போது, காயம் ஆலையில்தான் நேர்ந்தது என்பதற்கு அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் இராது. பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் பாத்திரத்திற்கு ஒரு தொழிலாளி கொடுக்கிற விலை இது.

கூட்டுப் பரிசு என்னும் ஏற்பாடு இன்னொரு தீமையையும் செய்கிறது. நிர்வாகத்தின் கண்டிப்புக்குச் சங்கத்தின் மூலம் பதில் சொல்ல முடியும். உடன் வேலை செய்யும் நண்பர்களின் முகச்சுளிப்புக்கு எங்கே போய் முறையிடுவது? காயம்பட்டவன் தன்னையே குற்றவாளியாக எண்ணிக் கூசுகிற நிலைக்கு வந்துவிட்டால், எந்த ஆலையிலும் உண்மை வெளிப்படாது. அமெரிக்க அரசாங்கத்தின் தொழிற் பாதுகாப்பு இலாகா, காயத்தைத் தெரிவிப்பவனுக்கு நஷ்டம் உண்டாக்குகிற பரிசுத் திட்டங்களைக் குறித்து 2012 இலும் 2016 இலும் எச்சரித்ததற்குக் காரணம் இதுதான்.

இவற்றைவிட ஆழமான தோஷம் ஒன்று உண்டு. வழுக்கி விழுவதும், விரல் நசுங்குவதும், கண்ணில் துகள் படுவதும் ஒரு ஜாதி விபத்து. அரித்துப்போன குழாயும், தள்ளிப்போடப்பட்ட பராமரிப்பும், ஊமையாகிவிட்ட எச்சரிக்கை மணியும் சேர்ந்து ஒருநாள் வெடிக்கிற விபத்து முற்றிலும் வேறு ஜாதி. முன்னதை எண்ணிக் கொண்டிருப்பவனுக்குப் பின்னது கண்ணில் படாது. போபாலில் 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த இரவில், தொட்டியிலிருந்த ரசாயனத்தைக் குளிரவைக்கும் சாதனம் ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரம் இணைப்பற்றுக் கிடந்தது. காயங்களை மட்டும் எண்ணும் எந்தப் பலகையிலும் இவற்றுக்கு இடமில்லை.

டெக்ஸாஸ் மாநிலத்தின் டெக்ஸாஸ் சிட்டியில் பி.பி. கம்பெனிக்குச் சொந்தமாயிருந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில், 2005 மார்ச் 23 அன்று, பழுதுபார்த்தபின் மறுபடி இயக்கிய ஒரு கோபுரத்தில் அளவுக்கு மீறி எண்ணெய் நிறைந்து, வெளியே பொங்கித் தீப்பற்றி, 15 பேர் மாண்டனர். சுமார் 180 பேர் காயமுற்றனர். அதன்பின் அமைந்த பேக்கர் குழு 2007 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையில், ஊழியர்களின் காய விகிதம் குறைந்து வந்ததைக் கண்டு ஆலையின் அமைப்பே பத்திரமாக இருக்கிறது என்று அக்கம்பெனி தவறாக அர்த்தம் செய்துகொண்டது என்று தீர்ப்புக் கூறியது. இந்தப் பாடம் கற்கப்படவில்லை என்பதற்கு ஐந்தே ஆண்டுகளில் சாட்சி வந்தது. 2010 ஏப்ரல் 20 அன்று, மெக்ஸிகோ வளைகுடாவில் பி.பி.க்காக எண்ணெய்க் கிணறு தோண்டிக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் என்னும் மிதக்கும் மேடைக்கு அக்கம்பெனியையும் மேடையின் சொந்தக்காரர்களையும் சேர்ந்த உயர் உத்தியோகஸ்தர்கள் வந்திருந்தார்கள். ஏழாண்டுகளாக வேலை நேர இழப்பு விபத்து ஒன்றும் நேராமல் காத்த ஊழியர்களைப் பாராட்டுவது அந்த வருகையின் நோக்கங்களில் ஒன்று. அன்றிரவே கிணறு வெடித்து 11 ஊழியர்கள் மாண்டார்கள். மேடையின் சொந்தக்காரர்களாகிய டிரான்ஸோஷன் கம்பெனியார், பாதுகாப்பு அளவைகளின்படி தம் சரித்திரத்திலேயே சிறந்த ஆண்டு 2010 என்று பின்னர் எழுதி, அதற்கான வெகுமதியையும் வழங்கினார்கள். கண்டனம் எழுந்தபின் அந்த வெகுமதியை நிர்வாகிகள் இறந்தோர் குடும்பங்களுக்கான நிதிக்கு அளித்தனர். கணக்கில் பிழை இருந்ததாக யாரும் சொல்லவில்லை. பதினொரு பிணங்களைக் கண்ட பிறகும் நல்ல ஆண்டு என்று சொல்ல இடங்கொடுக்கிற கணக்கை வைத்துக்கொண்டு ஒரு ஸ்தாபனம் தன் ஊழியர்களை எப்படிக் காக்க முடியும்?

யாரை எண்ணுகிறோம் என்பதும் கேட்கத் தகுந்த கேள்வி. டெக்ஸாஸ் சிட்டியில் மாண்ட 15 பேரும் காண்ட்ராக்டர்களின் ஆட்கள். நெய்வேலியில் இரண்டாம் அனல் மின் நிலையத்தில் 2020 மே 7 அன்று ஒரு கொதிகலனில் விபத்து நேர்ந்து, இரண்டு மாதம் முடிவதற்குள் ஜூலை 1 அன்று மற்றொரு கொதிகலனிலும் நேர்ந்தபோது, உயிரிழந்தவர்களுள் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். அதிக ஆபத்துள்ள வேலையை ஒப்பந்தத்திற்கு விட்டுவிட்டு, கம்பெனியின் சொந்தச் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களை மட்டும் எண்ணுகிற பலகை, எண்ணிக்கை எவ்வளவு உயர்ந்தாலும், அந்த ஆலையைப் பற்றி நமக்கு ஒன்றும் சொல்லவில்லை.

விபத்து நேர்ந்த தேதியைக் குறிக்கலாம். நோய்க்குத் தேதி ஏது? பஞ்சாலையில் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து, வார விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் நாளில் நெஞ்சு இறுகி மூச்சுத் திணறுகிறவர், கல்லுடைக்கும் இடத்தில் நுரையீரல் கெடுகிறவர், தறிச் சத்தத்தில் ஆண்டுக்கணக்காக நின்று காது மந்தமாகிறவர் ஆகிய எவரும் அந்தப் பலகையை ஒருநாளும் சைபராக்குவதில்லை. இவை யாவும் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் அறிவிக்கத்தக்க நோய்களாகவே எழுதப்பட்டிருந்தன. கொடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்த தொழிற்சாலை 2001 இல் மூடப்பட்டது; பாதரசத்தால் உடல் கெட்டது என்று அங்கே வேலை பார்த்தவர்கள் முறையிட, கம்பெனி அதை மறுத்துவந்து, 2016 இல்தான் முன்னாள் தொழிலாளிகள் 591 பேருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. ஆலை மூடிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவ்வளவும் சொன்னதால், எண்ணுவதே தவறு என்ற அபிப்பிராயத்திற்கு நான் வரவில்லை. அல்கோவா என்னும் அலுமினியக் கம்பெனிக்கு 1987 இல் தலைவரான பால் ஓநீல், லாபத்தைப் பற்றிக் கேட்க வந்த முதலீட்டாளர்களிடம் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றியே பேசி அவர்களைத் திகைக்க வைத்தவர். அவரும் எண்ணினார், நூறு தொழிலாளிகளுக்கு 1.86 ஆக இருந்த வேலை நேர இழப்புக் காயங்கள் 2000 ஆம் ஆண்டளவில் 0.2 ஆயின. ஆனால் அவர் அந்த எண்ணைப் பயன்படுத்திய விதமே வேறு. ஒரு காயம் நேர்ந்தால் 24 மணி நேரத்திற்குள் அந்தப் பிரிவின் தலைவர் தம்மிடம் தெரிவிக்கவேண்டும், மறுபடி நேராமலிருக்க என்ன செய்யப் போகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று விதித்தார். 1996 இல், மெக்ஸிகோவிலிருந்த ஆலையில் தொழிலாளிகள் வாயுவால் பாதிக்கப்பட்ட செய்தி தலைமை நிலையத்திற்குத் தெரிவிக்கப்படவில்லை என்று வெளியானபோது, வியாபாரத்தில் பெரும் வெற்றி கண்டிருந்த ஓர் உயர் நிர்வாகியைப் பதவியிலிருந்து நீக்கினார். விபத்து நேர்ந்ததற்காக அல்ல, செய்தி மேலே வராமற் போனதற்காகவே அந்தத் தண்டனை. நம் ஆலைகளின் பலகையோ விபத்தைத் தண்டித்து, மறைப்பதற்குப் பரிசளிக்கிறது. இரண்டு இடத்திலும் எண் ஒன்றேயானாலும் பலன் நேர்மாறாக இருப்பதன் ரகசியம் இங்கேதான் இருக்கிறது.

வழி நமக்குத் தெரியாததும் அல்ல. போபாலின் துயரத்திற்குப் பின் 1987 இல் திருத்தப்பட்ட தொழிற்சாலைச் சட்டம், அபாயகரமான தொழில் நடக்கும் இடங்களில் தொழிலாளிகளும் நிர்வாகத்தினரும் சம எண்ணிக்கையில் அமர்ந்த பாதுகாப்புக் குழு வேண்டும் என்றது; உடனடி ஆபத்து வரக்கூடும் என்று தோன்றினால் அதை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லத் தொழிலாளிக்கு உரிமை தந்து, உடனே பரிகாரம் தேடும் கடமையை நிர்வாகத்தின் மேல் சுமத்தியது. இந்த உரிமை எத்தனை முறை பயன்பட்டது, எத்தனை முறையீடுகளுக்குப் பரிகாரம் கிடைத்தது, எத்தனை எக்காரணத்தால் நிலுவையில் நிற்கின்றன என்பதை எழுதுகிற பலகை ஒன்றை வாசலில் மாட்டட்டும். ஒப்பந்த ஆட்களின் முறையீடும் அதில் ஏறட்டும். காயக் கணக்கைத் தொடர்ந்து வைக்கலாம், அதனோடு கட்டிய பரிசையும் வெகுமதியையும் அறவே நீக்கிவிட வேண்டும். மார்ச் 4 அன்று பந்தலிட்டுப் பரிசளிக்கும் நிர்வாகிகளை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: அடுத்த விழாவில் முதற்பரிசை, ஆபத்தைக் கண்டு யந்திரத்தை நிறுத்தச் சொன்ன தொழிலாளிக்கு, அவர் பெயரைச் சொல்லி மேடைக்கு அழைத்து, உங்கள் கையாலேயே கொடுங்கள்.