மனோன்மணீயத்தில் நாங்கூழும் குடிலனும்

பெ. சுந்தரம் பிள்ளை இயற்றி 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம், இன்று பெரும்பாலும் தமிழ்த்தாய் வாழ்த்தின் வழியாகவே அறியப்படுகிறது. பாயிரத்தைக் கடந்து நாடகத்துக்குள் செல்வோர் குறைவு. லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய கதையொன்றைத் தழுவிய இந்நாடகம், நன்மை தீமைகளை அரண்மனைக்குள் மட்டும் காட்டவில்லை. புல்லிலும் மண்ணிலும்கூட அவற்றைத் தேடுகிறது.

அத்தேடல் நடராசனின் தனிமொழியில் நிகழ்கிறது. வாணியின் காதலனாகிய அவன், புல்லையும் வாய்க்காலையும் நாங்கூழ்ப் புழுவையும் கண்டு வியக்கிறான். நாங்கூழ் என்பது மண்புழு. அது மண்ணை உண்டு, பதப்படுத்தி, உருண்டையாக வெளியே தள்ளுகிறது. அவ்வுருண்டையாலேயே தன் வளையை மூடிக்கொள்கிறது. புகழை வேண்டாதவர் ஒதுங்கிக்கொள்வது போன்றது இது என்கிறான் நடராசன். மண்புழு நிலத்தைப் பண்படுத்துவது பற்றிய டார்வினின் நூல் 1881-இல்தான் வெளிவந்தது என்பதையும் இங்கே நினைக்கலாம்.

இப்பகுதியை உழைப்பின் பெருமை என்று மட்டும் படித்தால் எறும்பு விடுபட்டுப்போகும். நாங்கூழுக்குத் தொல்லை தரும் எறும்பும் அது உழுத மண்ணை நம்பியே பிழைக்கிறது. நாங்கூழோ எறும்பை எதிர்ப்பதும் இல்லை, உழுவதை விடுவதும் இல்லை. தீங்கு செய்வதற்கும் சேர்த்தே சோறிடுகிறது இயற்கை.

அரண்மனையிலும் இதே உறவு உண்டு. பாண்டியன் சீவகனின் உப்பைத் தின்றுகொண்டே அவன் அரியணைக்குக் குறிவைக்கிறான் அமைச்சன் குடிலன். மகன் பலதேவனைத் தூதனுப்பி, சேரன் புருடோத்தமனோடு நடக்க வேண்டிய மணப்பேச்சை நாஞ்சில் நாட்டுப் போராக மாற்றுகிறான். சீவகன் ஐயுறுவதே இல்லை. புழுவிடம் அறமாகத் தோன்றிய பொறுமை அரசனிடம் பிழையாகிறது. எறும்பு கடித்தால் நோவது புழு ஒன்றே. குடிலனை நம்பியதற்கு விலை கொடுப்பவர்கள் போர்க்களத்து வீரர்கள். ஆசிரியர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கதை நடக்கும் விதமே சொல்கிறது.

மண்ணுக்கடியில் நடக்கும் இன்னொரு வேலையும் நாடகத்தில் உண்டு: சுந்தர முனிவர் அமைக்கும் சுருங்கை. மனோன்மணியைக் காக்க அவர் தோண்டிய வழியிலேயே குடிலன் பகைவனிடம் காட்டிக்கொடுக்கப் போகிறான். அதே வழியில் புருடோத்தமன் அவனை விலங்கிட்டு இழுத்துவருகிறான். சுருங்கைக்கு நன்மையும் தெரியாது, தீமையும் தெரியாது. நாங்கூழைப் புகழ்ந்த நடராசனின் பார்வை, இந்த இடத்துக்குப் போதவில்லை என்றே தோன்றுகிறது.

குடிலன் படைப்பில் ஒரு குறையும் உண்டு. எறும்பின் குறும்புக்குப் பசி என்றொரு காரணமாவது இருக்கிறது. குடிலனுக்கு ஆசையைத் தவிர வேறொன்றும் தரப்படவில்லை. அவன் எப்படி இப்படியானான் என்பதற்கு நாடகத்தில் விடை இல்லை. புல்லுக்கும் புழுவுக்கும் காட்டிய பரிவில் சிறு பங்கையேனும் ஆசிரியர் அவனுக்குக் காட்டியிருக்கலாம்.