காணாமல் போன ரீல்

‘சரஸ்வதி சபதம்’ (1966) படத்தில் சிவாஜிக்குப் பேச்சு வரும் இடம் ஞாபகமிருக்கிறதா? அதுவரை ஊமையாக இருந்த வித்யாபதி, கலைமகள் அருள் கிடைத்ததும் டி.எம்.எஸ். குரலில் சுருதி பிசகாமல் பாட ஆரம்பித்துவிடுவார். ஒரு எழுத்துகூடத் தடுக்காது. ஏ.பி.நாகராஜனின் பக்திப் படம். அதில் லாஜிக் கேட்டால் பாவம் வந்து சேரும். நான் கேட்கவில்லை.

ஆனால், அதே காட்சியை இப்போது செல்போனில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்திய குழந்தைக்கு முதல் முறை ‘ஸ்விட்ச் ஆன்’ செய்யும் வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். ஆடியாலஜிஸ்ட் கம்ப்யூட்டரில் எதையோ தட்டுகிறார். அம்மா பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். குழந்தையின் கண் விரிகிறது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். பின்னணியில் பியானோ. ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். நாமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நாலு பேருக்கு ஃபார்வர்ட் பண்ணுகிறோம்.

நல்ல வீடியோதான். ஒரே குறை, டைட்டில் கார்டை க்ளைமாக்ஸ் என்று காட்டுகிறார்கள்.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் காக்ளியா வேலை செய்யாதபோது, அதைத் தாண்டி நரம்புக்கு நேராக மின் துடிப்பு அனுப்புவதுதான் இந்தக் கருவி. முதல் நாள் அந்தக் குழந்தையின் மூளைக்குப் போவது ‘அம்மா’ அல்ல, ஏதோ ஒரு சத்தம். சில குழந்தைகள் சிரிக்கும். சில, வீறிட்டு அழுது கருவியைப் பிடுங்கி எறியும். அந்த வீடியோவை யாரும் ஃபார்வர்ட் செய்வதில்லை.

நேற்று ஸ்விட்ச் ஆன் ஆன மூணு வயசுப் பையனுக்குக் ‘கேட்கும் வயது’ ஒரே நாள். காது கேட்கும் குழந்தையே பிறந்ததிலிருந்து ஏறக்குறைய ஒரு வருஷம் கேட்டுக் கேட்டுத்தான் முதல் வார்த்தை சொல்கிறது. இவனுக்கும் அந்தக் காலம் வேண்டாமா?

அந்தக் காலம்தான் காணாமல் போன ரீல். அதில் என்ன இருக்கிறது தெரியுமா? ஒரு மேஜை, ஒரு டப்பா, சில மரக்கட்டைகள். சத்தம் கேட்டால் கட்டையை டப்பாவில் போட வேண்டும். கேட்காவிட்டால் போடக் கூடாது. இதற்கே வாரக்கணக்கில் ஆகலாம். அப்புறம் தினம் காலையில் ஆறு ஒலிகள்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். டேனியல் லிங் என்பவர் வகுத்த சோதனை. கட்டைக் குரலிலிருந்து கீச்சுக் குரல் வரை பேச்சின் மொத்த வீச்சும் இந்த ஆறில் அடங்கிவிடும். ‘ஸ்’ஸுக்கு மட்டும் கட்டை விழவில்லையென்றால் கருவியைச் சரிபார்க்க வேண்டும்.

பிறகு வார்த்தைகள். கண்ணாடி முன் நின்று ‘படம்’, ‘மடம்’ என்று சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் அசையும். அதனால் தெரபிஸ்ட் எதிரே உட்காராமல் பக்கத்தில் உட்காருவார், காது வேலை செய்யட்டும் என்று. அடுத்து ‘படம்’, ‘பாடம்’. ‘ழ’ எப்போது வரும் என்று கேட்காதீர்கள். நம் டி.வி. அறிவிப்பாளர்களுக்கே இன்னும் வரவில்லை.

வகுப்பு முடிந்தாலும் பாடம் முடிவதில்லை. “குக்கர் விசில் கேக்குதா? தண்ணி ஊத்தறேன் பாரு, சூடா இருக்கு” என்று அம்மாவோ அப்பாவோ பாட்டியோ நாள் பூரா பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சென்னையில் 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா பள்ளியில் குழந்தையோடு பெற்றோரும் வகுப்பில் உட்கார்ந்து கற்றுக்கொள்வது இதனால்தான்.

சினிமாவில் இந்த விஷயத்தில் பொய் சொல்லாத படம், ‘சவுண்ட் ஆஃப் மெட்டல்’ (2019). காது போன டிரம்மர் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டதும் உலகம் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உலுக்கின மாதிரி ஒலிக்கிறது. ஒலிக்காக ஆஸ்கர் வாங்கிய படம். ஆனால் அவன் பெரியவன். பழைய சத்தங்கள் ஞாபகத்தில் இருக்கின்றன. நம் குழந்தைக்கு அந்த ஞாபகமே இனிமேல்தான் உண்டாக வேண்டும்.

தமிழில் ராதாமோகனின் ‘மொழி’யை (2007) பாராட்டியே ஆக வேண்டும். ஜோதிகா பாத்திரத்தைப் பார்த்து யாரும் உச்சுக்கொட்ட முடியாது. சைகையும் ஒரு முழு மொழி என்று கௌரவமாகக் காட்டியது. கருவி எல்லோருக்கும் பொருந்தாது. சைகையோடு நிறைவாக வாழ்கிறவர்கள் நிறைய. எந்த மொழியும் கிடைக்காமல் சின்ன வயசு கழிவதுதான் பெரிய இழப்பு. ஆனால் அதிலும் நாயகி வளர்ந்தபின்தான் அறிமுகமாகிறாள். குழந்தைப் பருவத்துக் கட்டை, டப்பா, கண்ணீர் யாருக்கும் தேவைப்படவில்லை.

இதில் நான் ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறேன் என்றால், முதல் சில வருஷங்களில்தான் மூளை பேச்சுக்கு இடம் ஒதுக்குகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்கிறார்கள். பெரிய விஷயம். ஆனால் ஒரு நிமிஷ வீடியோவை நம்பின பெற்றோர், ‘ஆபரேஷன் ஆச்சு, ஆறு மாசமாச்சு, இன்னும் பேசலையே’ என்று சோர்ந்து பயிற்சியை நிறுத்திவிட்டால், கருவி காதில் மாட்டின நகையாகிவிடும்.

யாராவது இந்த ரீலைப் படமாக எடுத்தால் க்ளைமாக்ஸ் இலவசமாகத் தருகிறேன். அம்மா அடுக்களையிலிருந்து, “யாருடா சாக்லேட்டைத் தின்னது?” என்கிறாள். முதுகைக் காட்டிக்கொண்டு விளையாடும் பையன் திரும்பாமலே, “நான் இல்லே” என்கிறான்.

பொய்தான். பியானோவை அங்கே வாசியுங்கள்.